ஒரு குடும்பத்துக்கு ஒரு வில்லை

1946 மார்ச் 3, ஞாயிறு

காலையில் தண்டோரா. பிச்சைக்காரர்களுக்கென்றே தண்டோரா போட்ட முனிசிபாலிட்டி இந்த ஜில்லாவில் எங்கள் செங்காட்டூர் முனிசிபாலிட்டி ஒன்றாகத்தான் இருக்கும். எனக்குப் பெருமையாக இருந்தது. நம்மையும் ஒரு கணக்கில் வைத்திருக்கிறார்களே என்று சிரித்தேன். வெள்ளத்தாயி, "முழுசாக் கேட்டுட்டுச் சிரிய்யா" என்றாள்.

முழுதாகக் கேட்டதில் சிரிப்பு பாதியாகிவிட்டது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கழுத்தில் பித்தளை வில்லை இல்லாமல் யாரும் ஊரில் பிச்சை எடுக்கக் கூடாது. வில்லை, ஊனமுள்ளவர்களுக்கும் வேலை செய்ய முடியாத கிழடுகளுக்கும் மட்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வில்லைதான். வில்லை கிடைக்காதவர்களை லாரியில் ஏற்றி ஜில்லாத் தலைநகரில் இருக்கும் வேலை இல்லத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கயிறு திரிக்க வேண்டும். ஆம்பிளைக்கு ஒரு கொட்டடி, பொம்பிளைக்கு ஒரு கொட்டடி, நடுவில் மதில்.

ரேஷன் வந்ததிலிருந்தே இப்படி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். சத்திரத்தில் மத்தியானம் ஊற்றிக்கொண்டிருந்த கஞ்சி நின்றுபோயிற்று. கோயில் உண்டைக்கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு இளைத்துவிட்டது. ஊரிலோ புதுமுகங்கள் பெருகிவிட்டன. யார் நிஜம், யார் வேஷம் என்று பிச்சை போடுகிறவர்களுக்குத் தெரியவில்லையாம். அதைத் தெரியவைக்கத்தான் வில்லை.

மத்தியானம் வெள்ளத்தாயி கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். காய் நான்தான் நறுக்கினேன்.

மார்ச் 4, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நான் யார் என்றே எழுதவில்லை. இந்த டைரி ஒருவேளை நல்லவர் யார் கையிலாவது கிடைத்தால் அவர் முழிப்பாரே.

நான் பபூன் உலகநாதம். ராஜபார்ட் மேடைக்கு வருமுன் ஜனங்களைச் சிரிக்கவைத்து உட்காரவைப்பவன் பபூன். நான் மேடை ஏறினால் விடியும்வரை ஒருத்தன் எழுந்து போகமாட்டான். சினிமா வந்தது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. மிச்சமிருந்த ஒரு கொட்டகையில் மேடைப் பலகை முறிந்து என் இடது காலும் முறிந்தது. நாட்டு வைத்தியன் கட்டிய கட்டில் எலும்பு கோணலாகச் சேர்ந்தது. இந்த ஊர்க் கோயில் வாசலுக்கு வந்து ஆறு வருஷமாகிறது.

வெள்ளத்தாயி அதே வருஷம் வந்தவள். பருத்தி ஆலையில் மெஷினில் வலது கை விரல்கள் போய்விட்டன. நாங்கள் இருவரும் பழைய உப்புக் கிட்டங்கியின் வராந்தாவில் இருக்கிறோம். நடுவில் ஒரு சாக்குத் திரை. இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்: நடுவில் திரை உண்டு.

எங்கள் கூட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. ஒரு தெருவுக்கு ஒரு குரல். பத்துப் பேர் பத்து விதமாகக் கூப்பிட்டால் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் ஒருவர் கூப்பிடுவார், மற்றவர்கள் பின்னால் சும்மா வருவார்கள், கிடைத்ததைப் பங்கு போடுவோம். கோயில் தெருவுக்கும் கடைத்தெருவுக்கும் நான்தான் குரல். வீட்டுக்கு வீடு வசனம் மாற்றுவேன். கோபக்கார வீட்டில் சிரிப்பு, அழுகை வீட்டில் ஆறுதல். வெள்ளத்தாயி ஆறு வருஷத்தில் ஒரு வாசலிலும் வாய் திறந்து கேட்டதில்லை. "பிச்சை எடுக்கறேன், சரி. அதை என் வாயால சொல்ல மாட்டேன்" என்பாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் கேட்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

கடைத்தெருவில் வெள்ளிக்கிழமைச் சுற்று. கடைக்காரர்கள் எல்லோரும், "வில்லை வாங்கியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். வாங்கியவனுக்குத்தான் இனிமேல் போடுவார்களாம்.

முனிசிபல் சேவகன் இன்னாசியை டீக்கடையில் பார்த்தேன். டவாலி போட்டிருந்தாலும் எங்களுடன் நின்று பேசுகிற மனுஷன். கமிட்டியில் கமிஷனர், டாக்டர், ஜவுளிக்கடை முதலாளி அருணகிரி என்று மூன்று பேராம். 18-ம் தேதி விசாரணை. "ஒரே இடத்துல தங்கறவங்களைப் புருசன் பொண்டாட்டின்னு எழுதிருவாங்க அண்ணே. அப்புறம் ஒரு வில்லைதான். சூதானமாப் பதில் சொல்லுங்க" என்றான்.

மார்ச் 12, செவ்வாய்

கிட்டங்கி வராந்தாவில் மூன்று நாளாக எங்கள் கூட்டத்துக்கு விசாரணை ஒத்திகை நடத்துகிறேன். ஊனம் இருந்தால் போதாது, அது இருப்பதாகவும் தெரிய வேண்டும். நிஜ ஊனக்காரர்கள் அதிகாரியைக் கண்டால் மரியாதைக்கு நிமிர்ந்து நின்றுவிடுகிறார்கள். அதைத்தான் முதலில் மாற்றினேன்.

சடையன் என்று ஒருவன் இருக்கிறான். உடம்பில் ஒரு குறையும் இல்லை, சோம்பேறித்தனம் தவிர. அவனுக்குக் கைநடுக்கம் சொல்லிக்கொடுத்தேன். நடுக்கம் என்பது விரலில் ஆரம்பிக்கக் கூடாது, தோளில் ஆரம்பிக்க வேண்டும். ரெண்டே நாளில் பிடித்துக்கொண்டான். சின்ன வயசில் கிடைத்திருந்தால் மேடைக்குத் தேற்றியிருப்பேன்.

மார்ச் 15, வெள்ளி

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வெள்ளத்தாயிக்குப் பாடம் சொன்னேன்.

"கூட யாருன்னு கேட்டா யாருமில்லைன்னு சொல்லணும்" என்றேன்.

"நீ?"

"நான் வேற எங்கியோ தங்கியிருக்கேன்."

"அப்ப நீ எனக்கு யாருய்யா?"

"சட்டப்படி யாருமில்ல. ரெண்டு வில்லை கிடைச்சாத்தான் ரெண்டு பேரும் ஊர்ல இருக்கலாம். யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாளோ என்னவோ, குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். ஆறு வருஷத்தில் அவளுக்கு உப்பு தப்பியதே இல்லை. வெயில் காலம், மறதி வந்திருக்கும்.

மார்ச் 18, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

முனிசிபல் ஆபீஸ் கூடத்தில் நீள மேஜை. கமிஷனர் நடுவில், டாக்டர் இடதுபுறம், அருணகிரி முதலாளி வலதுபுறம் வெற்றிலைப் பெட்டியுடன். நாங்கள் வரிசையில் நின்றோம்.

சடையன் தோளிலிருந்து நடுங்கினான். டாக்டர், "போதும்ப்பா, போதும்" என்று வில்லை எழுதிவிட்டார். எனக்கே கைதட்டத் தோன்றியது.

அடுத்து வெள்ளத்தாயி. டாக்டர் கையைப் பார்த்துத் தலையாட்டினார். கமிஷனர், "உங்கூட யாரும்மா இருக்கா?" என்றார்.

"யாருமில்லீங்க" என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்த வசனம்தான். ஏற்ற இறக்கம்கூட நான் சொன்னபடிதான். ஆனால் பக்கத்தில் நின்று கேட்டபோது எனக்குள் சுருக்கென்றது. நல்ல நடிப்பு என்றால் அப்படித்தான் இருக்கும்.

பிறகு நான். தலை குனிந்து, கட்டையை ஊன்றி, அளவாக வந்து நின்றேன். ஆறு வருஷமாக அவர் கடை வாசலில் நின்றும் என்னை ஏறிட்டுப் பார்க்காத அருணகிரி முதலாளி, நான் பேர் சொன்னதும் வெற்றிலையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "யோவ், நீ பபூன் உலகநாதமா? தேவகுறிச்சித் திருவிழாவில நொண்டித் திருடன் வேஷம் கட்டினவன்தானே? ஐயோ, எங்கப்பா சிரிச்சுச் சிரிச்சு மூச்சு முட்டி விழுந்தாரே."

பத்து வருஷம் கழித்து ஒரு மனுஷன் என்னை ஞாபகம் வைத்திருக்கிறார். என் பேரை ஊர் பேரோடு சொல்கிறார். அந்த நேரத்தில் வில்லை, லாரி, கயிறு, எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "இவரு கட்டையோட நடப்பாரு பாருங்க, கால் நிஜமாவே போயிருச்சுன்னு சத்தியம் பண்ணலாம். கடைசியில கட்டையைத் தூக்கி எறிஞ்சிட்டு ஆடுவாரு" என்று அவர் கமிஷனரிடம் சொன்னார். "ஒரு வரி செய்யேன்யா" என்றார்.

செய்தேன். "கட்டை நடக்குது, காலு வேடிக்கை பாக்குது" என்று எடுத்தேன். ஒற்றைக் காலில் குதித்து, கட்டையைச் சுழற்றி, மறு கையில் பிடித்து, ஒரு சுற்று வந்து நின்றேன். கூடத்தில் இருந்த குமாஸ்தாக்கள் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துடைத்துக்கொண்டு, "இந்தக் காலை வச்சுக்கிட்டு இவ்வளவு ஆடறவர் தாராளமாக் கயிறு திரிக்கலாம்" என்று எழுதிவிட்டார்.

கோணல் கால் நிஜம் என்றேன். முதலாளி, "அதையே அன்னிக்கும் சொன்னான், மேடையில" என்று இன்னும் சிரித்தார்.

வெளியே வந்தபோது வெள்ளத்தாயி வேப்ப மரத்தடியில் நின்றிருந்தாள். கழுத்தில் புது வில்லை. என்னைப் பார்த்து, "கைதட்டு கேட்டுச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மார்ச் 19, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. குடைக்கு ஒட்டுப் போட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

அருணகிரி முதலாளியைக் கடையில் போய்ப் பார்த்தேன். இந்த முறை நடிப்பே கூடாது என்று முடிவு செய்து, சாதாரணமாக நடந்து போனேன். என் சாதாரண நடை நொண்டி நடைதான். அவர் கடைப் பையன்களைக் கூப்பிட்டு, "பாருங்கடா, தத்ரூபமா இருக்கு பாருங்க" என்றார்.

"நிஜமாத்தான் முதலாளி. ஏப்ரல் முதல் தேதி என்னைக் கொண்டுபோயிருவாங்க. எனக்கு இந்த ஊரை விட்டா வேற ஊர் கிடையாது" என்றேன். சொல்லும்போது குரல் தானாகவே உடைந்தது. அவர் மேஜையைத் தட்டி ரசித்தார். "அந்தக் குரல் இன்னும் அப்படியே இருக்குய்யா" என்றார். நான் அழ அழ அவருக்குத் திருப்தி கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு துண்டு கொடுத்துப் போர்த்தினார். என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றி எந்த மேடையிலும் கிடைத்ததில்லை.

துண்டு நல்ல துண்டு. வெள்ளத்தாயியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 26, செவ்வாய்

சடையன் புலம்புகிறான். வில்லையில் 'கைநடுக்கம்' என்று போட்டிருப்பதால் ஊரார் பார்க்கும்போதெல்லாம் நடுங்க வேண்டியிருக்கிறதாம். டீ குடிக்க முடியவில்லை, பாதி வேட்டியில் போகிறது. "இதுக்குக் கயிறே திரிச்சிருக்கலாம்ணே" என்றான். நல்லவேளையாக எனக்கு ஒரு சிரிப்பு கிடைத்தது.

இன்னாசி ஒரு சங்கதி சொன்னான். கை ஊனமானவர்கள் சட்டியைச் சுமக்க ஒரு துணையாளை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. துணையாளுக்கு வில்லை வேண்டாம். ஆனால் அவர் வாய் திறந்து கேட்கக் கூடாது, வில்லை போட்டவர்தான் கேட்க வேண்டும். துணையாள் புருஷனாகவோ பெண்டாட்டியாகவோ கூடப்பிறந்தவராகவோ இருக்க வேண்டும்.

"வெள்ளத்தாயிக்கா யாருமில்லைன்னுல்ல சொல்லிருக்கு. பொய் சொன்னேன்னு இப்பப் போய்ச் சொன்னா வில்லையைப் பிடுங்கினாலும் பிடுங்குவாங்க. நீங்களே ஒரு வார்த்தை அக்காகிட்டக் கேட்டுப் பாருங்கண்ணே" என்றான்.

"கேக்கறதுக்கு என்ன, நம்ம தொழிலே அதுதானே" என்றேன்.

மார்ச் 29, வெள்ளி

கேட்கவில்லை. சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. காலையில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வெயில். சாயங்காலம் நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து, "வெள்ளத்தாயி" என்று கூப்பிட்டேன். "என்னய்யா" என்றாள். "ஒண்ணுமில்ல, தண்ணி இருக்கா" என்றேன். செம்பு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். தாகமே இல்லாமல் முழுவதையும் குடித்தேன்.

முகம் தெரியாத ஊர் முழுக்கக் கேட்கிறேன். இவளிடம் கேட்க வாய் வரவில்லை. மற்ற வாசலில் இல்லை என்றால் அடுத்த வாசலுக்குப் போகலாம். இங்கே இல்லை என்றுவிட்டால் நான் எங்கே போவேன்? அதோடு, கேட்டால் அவள் வில்லைக்கே ஆபத்து. சுயநலமாக இருக்கக் கூடாது என்றுதான் விட்டுவிட்டேன். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 31, ஞாயிறு

மூட்டை கட்டிவிட்டேன். அரிதாரப் பெட்டி, ரெண்டு வேட்டி, இந்த டைரி. என் பனியனை வெள்ளத்தாயி துவைத்து மடித்து வைத்திருந்தாள். ஒற்றைக் கையால் மடித்த மடிப்பு, இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

"அங்க என்ன சோறு போடுவாங்களாம்?" என்றாள். விசாரணை நாளுக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் பேச்சு.

"கம்பங்கூழுன்னு சொல்றாங்க."

"உனக்குக் கம்பு சேராதே."

"சேர்ந்துக்கும்."

"நாளையிலேருந்து கோயில் தெருவுல யாருய்யா கேப்பா?"

"வில்லை போட்டவங்கதான் கேக்கணும். நீதான் கேக்கணும்."

அவள் திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

ஏப்ரல் 1, திங்கள்

இன்று நடந்ததை எழுதக் கை ஓடுகிறது, எழுத்துத்தான் பின்தங்குகிறது.

காலையில் முனிசிபல் ஆபீஸ் வாசலில் லாரி நின்றது. வில்லை கிடைக்காதவர்கள் ஏறி உட்கார்ந்தோம். அருணகிரி முதலாளி வழியனுப்ப வந்திருந்தார், ஆளுக்கொரு பன் கொடுத்துக்கொண்டிருந்தார். கமிஷனர் படியில் நின்று பேர்களைச் சரிபார்த்தார். வெள்ளத்தாயியை நான் தேடவில்லை. தேடாமலேயே அவள் இல்லை என்று தெரிந்தது.

டிரைவர் வண்டியை முடுக்கிய சமயத்தில்தான் ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, சுதி இல்லாமல், ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாத குரல். "ஐயா, சாமி, தருமம் பண்ணுங்க சாமி" என்றது. நான் கேட்டே இராத குரல். எட்டிப் பார்த்தால் வெள்ளத்தாயி. கமிஷனருக்கு முன்னால், படிக்குக் கீழே, இடது கையை ஏந்தி நிற்கிறாள்.

கமிஷனர், "ஆபீஸ் வாசல்ல கேக்கக் கூடாதும்மா. தெருவில போய்க் கேளு" என்றார்.

"தெருவில இல்லீங்க, இங்கதான் இருக்கு. அந்தா, லாரியில உக்காந்திருக்கற ஆளு. அந்த ஆளை எனக்குப் போடுங்க சாமி."

லாரிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டான்.

கமிஷனர் குமாஸ்தாவிடம் ஏதோ கேட்டுவிட்டு, "கூட யாருமில்லைன்னு நீதானே சொன்னே?" என்றார்.

"வில்லைக்காகச் சொன்னேன், பொய்தான். ஆறு வருசமா ஒரே சட்டியில சோறு. அவருதான் எனக்கு எல்லாம்." கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றினாள். ஒற்றைக் கையால் கழற்றியதில் கயிறு கொண்டையில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பிய்த்து நீட்டினாள். "பொய் சொன்னதுக்கு இதைப் பிடுங்கிக்கங்க. ரெண்டு பேரும் எங்கியாவது போய்ப் பிழைச்சுக்கறோம். ஆளைக் குடுங்க."

"புருஷன்னா தாலி எங்கம்மா?"

"கட்டலீங்க. ஊர் பூராக் கேப்பாரு. இந்த ஒண்ணை மட்டும் என்கிட்டக் கேக்க அவருக்கு வாய் வரலை. அதான் நான் கேக்கறேன்."

கமிஷனர் என்னைப் பார்த்து, "நீ என்னய்யா சொல்றே?" என்றார்.

எத்தனையோ மேடையில் எத்தனையோ பேர் வசனம் மறந்து நின்றபோது நான் ஓடிப்போய் எடுத்துக்கொடுத்திருக்கிறேன். இன்று எனக்கு ஒரு சொல் வரவில்லை. பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன். மறுபடி "ஆமாங்க" என்றேன். அதற்குமேல் மூக்கை உறிஞ்சத்தான் முடிந்தது.

கமிஷனர் சந்தேகமாக அருணகிரி முதலாளி பக்கம் திரும்பினார். "இதுவும் நாடகமா சார்?"

முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "இல்லீங்க. நடிச்சா இவன் இதைவிட நல்லாச் செய்வான்" என்றார். அப்புறம், "அப்ப அந்தக் காலும் நிஜம்தான் போலிருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கமிஷனர் வில்லையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "துணையாள், கணவர். சட்டி தூக்கலாம், வாய் திறக்கக் கூடாது" என்று எழுதச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இன்னாசி கைகொடுத்து என்னை லாரியிலிருந்து இறக்கினான்.

கோயில் வழியாகத்தான் திரும்பினோம். மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டினேன். முடிச்சுப் போட அவள் ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். சடையன் சாட்சியாக நின்றான், ஆள் நடமாட்டம் இருந்ததால் நடுங்கிக்கொண்டே.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை மறைத்து எழுத ஒன்றும் இல்லை. சாக்குத் திரையை எடுத்துவிட்டோம், விரிக்க உதவுகிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

முதல் வெள்ளிக்கிழமைச் சுற்று. முன்னால் வில்லையோடு வெள்ளத்தாயி, பின்னால் சட்டியோடு நான். அவள் கேட்கிற விதம் மகா மோசம். எல்லா வாசலிலும் ஒரே வசனம், ஒரே சுதி, கடன்காரனிடம் கேட்கிற மாதிரி ஒரு முறைப்பு. பின்னாலிருந்து திருத்தலாம் என்று வாயெடுத்தேன். "விதி" என்றாள். மூடிக்கொண்டேன். ஆனால் அரிசி எப்போதும் விழுவதைவிடக் கூடத்தான் விழுந்தது, பயத்தில் போட்டிருப்பார்கள்.

ஊருக்குப் புதிதாக வந்த வெண்கலக் கடை அம்மாள் என்னைக் காட்டி, "பின்னாடி வர்றது யாரு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் வெள்ளத்தாயி.

கடைத்தெரு முழுக்கச் சுற்றியதில் மூன்று பேர்தான் அப்படிக் கேட்டார்கள். இன்னும் நாலு பேராவது கேட்டிருக்கலாம். நாளைக்கு எங்களைத் தெரியாத தெருவாகப் பார்த்துப் போகலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.